குட்டியை வாங்கும் முன் தாயைப் பாருங்கள்

உங்கள் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. பிறந்து 2 மாதமான, பழுப்பு நிறப் பூடில் நாய்க்குட்டி. "இதுதான் கடைசிக் குட்டி. நாளைக்குள் முன்பணம் கட்டினால் உங்களுக்கு" என்று கீழே ஒரு குறிப்பு. பல மாதம் நச்சரித்து, தேர்வு மதிப்பெண்களைக் காட்டி, "நடக்க அழைத்துப் போவதும் நான்தான், சுத்தம் செய்வதும் நான்தான்" என்று வாக்குக் கொடுத்து, இப்போதுதான் அம்மா அப்பாவின் சம்மதத்தை வாங்கியிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்ததும் மனம் என்ன சொல்லும்? உடனே பணத்தை அனுப்பச் சொல்லும்.

அந்த இடத்தில் சற்று நில்லுங்கள், மாணவர்களே. சிறிய இன நாய்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. உங்களுக்கு இப்போது 14 வயது என்றால், நீங்கள் படிப்பை முடித்து, வேலைக்குப் போகும் காலம் வரை அது உங்கள் வீட்டில் இருக்கும். அந்த ஆண்டுகளை அது ஓடியாடிக் கழிக்குமா, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து கழிக்குமா என்பதில் பெரும்பகுதி, அது உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்பவர் நாய் வளர்ப்பாளர். அதாவது தாய்நாயையும் தந்தைநாயையும் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து, பிறக்கும் குட்டிகளை வளர்த்து விற்பவர்.

நல்ல வளர்ப்பாளரை எப்படி அடையாளம் காண்பது? சிரித்துப் பேசுகிறாரா, கடை பளபளப்பாக இருக்கிறதா என்பதெல்லாம் போதாது. நீங்கள் அறிவியல் வகுப்பில் படிக்கும் மரபியல் இங்கே நேரடியாகக் கைகொடுக்கும்.

மூடிய குளம்

இன்று நாம் பெயர் சொல்லி அழைக்கும் நாய் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் இன்றைய வடிவத்தைப் பெற்றவை. பிரிட்டனில் 1873ஆம் ஆண்டு 'கெனல் கிளப்' தொடங்கப்பட்டது. நாய்களின் வம்சாவளியைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அதன் பிறகு வேரூன்றியது. தாய், தந்தை இரண்டும் அதே இனத்தின் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கும் அதில் இடம். வெளியிலிருந்து புது ரத்தம் நுழைய வழியில்லை.

ஆறு வந்து சேராத குளம் போன்றது இது. உள்ளே இருக்கும் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றிவரும். அதனால் ஒரு நன்மை உண்டு. பூடில் குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் அழகைக் காக்கும் அதே மூடிய குளம், நோய் தரும் மரபணுக்களையும் வெளியேற விடாமல் தேக்கி வைக்கிறது.

நாயின் முழு மரபணுத் தொகுதியை விரிவாக ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது டாஷா என்ற பாக்சர் இனப் பெண் நாய். ஏன் தெரியுமா? தாயிடமிருந்து வந்த பிரதிக்கும் தந்தையிடமிருந்து வந்த பிரதிக்கும் அந்த நாயின் உடலில் வேறுபாடு குறைவாக இருந்தது. வேறுபாடு குறைந்தால் வரிசைப்படுத்தும் வேலை எளிது. ஆராய்ச்சியாளருக்கு வசதியாக இருந்த அதே குணம்தான் நாய் இனங்களுக்கு ஆபத்தாகவும் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத 'ப'

நாயின் உயிரணுவில் 39 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. மனிதர்களுக்கு 23 இணை. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது.

பூடில், லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் ஆகிய இனங்களில் காணப்படும் ஒரு கண்நோயை எடுத்துக்கொள்வோம். விழித்திரை சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும் நோய் அது. முதலில் இருட்டில் பார்வை மங்கும். பிறகு பகலிலும் மங்கி, முடிவில் பார்வை முழுவதும் போய்விடும். இது ஒடுங்கு மரபணுவால் வருவது. நல்ல பிரதியை 'ந' என்றும், பழுதான பிரதியை 'ப' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 'ந-ந' நாய்க்கு நோய் வராது. 'ந-ப' நாய்க்கும் வராது, ஆனால் அது நோயைத் தாங்கிச் செல்லும். 'ப-ப' நாய்க்கு மட்டுமே நோய் வரும்.

இப்போது 'ந-ப' தாயும் 'ந-ப' தந்தையும் இணைசேர்ந்தால் என்ன ஆகும்? உங்கள் குறிப்பேட்டில் கட்டம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் 'ந-ந' ஆக 25 விழுக்காடும், 'ந-ப' ஆக 50 விழுக்காடும், 'ப-ப' ஆக 25 விழுக்காடும் வாய்ப்புண்டு. தாய்க்கும் தந்தைக்கும் கண் நன்றாகத் தெரியும். இரண்டும் கண்காட்சியில் பரிசுகூட வாங்கியிருக்கலாம். ஆனாலும் அவற்றின் குட்டிகளில் ஒன்று பார்வை இழக்கக்கூடும்.

"இதே இணைக்கு முன்பு 4 குட்டிகள் பிறந்தன, ஒன்றுக்கும் ஒரு குறையில்லை" என்று விற்பவர் சொல்லலாம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குட்டி நோயிலிருந்து தப்பும் வாய்ப்பு நான்கில் மூன்று. 4 குட்டிகளும் தப்பும் வாய்ப்பைக் கண்டறிய நான்கில் மூன்றை நான்கு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 32 விழுக்காடு. பெற்றோர் இரண்டும் நோயைத் தாங்கியிருந்தாலும், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் 4 குட்டிகளும் நோயின்றிப் பிறக்கும். மேலும், இந்த நோய் பல நாய்களுக்கு வளர்ந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகே வெளிப்படும். 2 மாதக் குட்டியின் கண்ணை உற்றுப் பார்த்தும் பயனில்லை.

அப்படியென்றால் எதை நம்புவது? மரபணுச் சோதனை முடிவை நம்பலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தாலே சோதனைக்குப் போதும். இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. 'ந-ப' என்று முடிவு வந்த நாயை ஒதுக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அதை 'ந-ந' நாயுடன் இணைசேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. பழுதான பிரதி இருக்கும் நாய்களையெல்லாம் விலக்கிக்கொண்டே போனால் குளம் இன்னும் சுருங்கிவிடும். ஆகவே, "எங்கள் நாய்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்பவரைவிட, "தாய் தாங்கி, தந்தை தாங்கி அல்ல, இதோ இரண்டின் முடிவுகளும்" என்று காட்டுபவரே நம்பிக்கைக்குரியவர்.

புள்ளிக்காகக் கொடுத்த விலை

அழகை மட்டும் பார்த்து இணைசேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு டால்மேஷன் நாய்கள் சான்று. வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட அந்த இனத்தை நீங்கள் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். மற்ற நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். டால்மேஷன் இனத்தில் அந்த அமிலத்தைக் கல்லீரல் அணுக்களுக்குள் கொண்டு செல்லும் மரபணு பழுதடைந்துவிட்டது. அதனால் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து, கற்கள் உண்டாகலாம். ஆண் நாய்களுக்குக் கல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தெளிவான, அழகான புள்ளிகள் கொண்ட நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது, அவற்றுடன் சேர்ந்தே இந்தப் பழுதும் இனம் முழுவதும் பரவியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தூய டால்மேஷன் நாய்களில் நல்ல பிரதியே இல்லாமல் போயிற்று. குளத்துக்குள் எங்கு தேடினாலும் கிடைக்காத ஒன்றை வெளியிலிருந்துதானே கொண்டுவர வேண்டும்?

அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷேபிள் 1973ஆம் ஆண்டு அதைச் செய்தார். டால்மேஷன் நாயைப் பாயின்டர் இன நாயுடன் ஒரே ஒரு முறை கலந்தார். பிறந்த குட்டிகளில் நல்ல மரபணு கொண்டவற்றை மீண்டும் மீண்டும் டால்மேஷன் நாய்களுடனேயே இணைசேர்த்தார். பாயின்டரின் பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். 50, 25, 12.5 என்று குறைந்து, ஏழாவது தலைமுறையில் 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். பார்வைக்கு அச்சு அசலாக டால்மேஷன், ஆனால் சிறுநீரில் யூரிக் அமிலத் தொல்லை இல்லை. இருந்தும் "தூய்மை கெட்டுவிட்டது" என்று எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவின் கெனல் கிளப் அந்த வழிவந்த நாய்களைப் பதிவேட்டில் ஏற்க 2011 வரை ஆனது.

'தூய இனம்' என்ற சொல் வம்சாவளியைத்தான் குறிக்கிறது, உடல்நலத்தை அல்ல. வம்சாவளிச் சான்றிதழைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

ஆனால் அந்தச் சான்றிதழும் பயனற்றதல்ல. அதில் பாட்டன், பூட்டன் பெயர்கள் இருக்கும். தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே நாயின் பெயர் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது நெருங்கிய உறவுக்குள் நடந்த கலப்பு. அண்ணன் தங்கை இணைசேர்ந்தால், குட்டியின் எந்த ஒரு மரபணுவிலும் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறப்புகள் என்றால் 12.5 விழுக்காடு. அந்த விழுக்காடு ஏற ஏற, 'ப'வும் 'ப'வும் சந்திக்கும் வாய்ப்பும் ஏறும்.

சோதனைக் குழாய்க்குள் அடங்காதவை

எல்லா நோய்களும் ஒரே மரபணுவால் வருவதில்லை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களுக்கு வரும் இடுப்பு மூட்டுக் கோளாறுக்குப் பல மரபணுக்களும், உணவு, எடை, உடற்பயிற்சி ஆகியவையும் சேர்ந்து காரணமாகின்றன. அதைக் கண்டறிய ஊடுகதிர்ப் படம் எடுக்க வேண்டும். அந்தப் படங்களை ஆராய்ந்து தரம் வழங்கும் ஓர் அமெரிக்க அமைப்பு, நாய்க்கு 2 வயது நிறைந்த பிறகே இறுதித் தரம் தருகிறது. தாய்நாய்க்கு ஒன்றரை வயதுதான் என்றால், அந்த இறுதிச் சான்று அதனிடம் இருக்க முடியாது.

பொமரேனியன், பூடில், சிவாவா போன்ற சிறிய நாய்களுக்கு முழங்கால் சில்லு இடம் விலகும் கோளாறு வரக்கூடும். விலங்கு மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே அதைக் கண்டுபிடிப்பார். கவேலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் இனத்தில் இதய வால்வு நோய் மிகுதி. அது வயதாக வயதாகத்தான் வெளிப்படும் என்பதால், தாயும் தந்தையும் நன்கு வளர்ந்த பிறகு இதயச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நமக்கு வியர்ப்பதைப் போல் நாய்களுக்கு உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அவை உடல் சூட்டைத் தணிக்கின்றன. மூக்குத் துளை குறுகி, மென்மேற்புறத் தசை நீண்டு தொண்டையை அடைத்தால் அந்தக் குளிரூட்டும் வழியே அடைபட்டுவிடும். ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும் உள்ள நம் ஊரில் அது எவ்வளவு பெரிய துன்பம் என்று எண்ணிப் பாருங்கள். தூங்கும்போது அது விடும் குறட்டை பலருக்கு வேடிக்கை. அந்த நாய்க்கோ அது மூச்சுக்கான போராட்டம்.

'டீகப்' என்ற பெயரில் விற்கப்படும் மிகச் சிறிய நாய்களும் தனி இனம் அல்ல. அது விற்பனைக்காக வைத்த பெயர். உடல் மிகச் சிறியதாக இருந்தால் எலும்பு எளிதில் முறியும். ஒருவேளை சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடலாம்.

முதல் எட்டு வாரங்கள்

மரபணு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வேலியிட்ட வெளியில் மனிதர்களுடன் பழகாமல் நாய்க்குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் ஒரு வாரம் வெளியே எடுத்து மனிதர்களுடன் பழக விட்டனர். 14 வாரம் வரை யாருடனும் பழகாத குட்டிகள், பிறகு எவ்வளவு முயன்றும் மனிதர்களைக் கண்டு அஞ்சி ஒதுங்கின. ஏறத்தாழ 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரை குட்டியின் மூளை உலகத்தைக் கற்றுக்கொள்ளும் காலம் என்று இன்று அறிகிறோம். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை அது வளர்ப்பாளரிடம்தான் கழிக்கிறது. கூண்டுக்குள்ளேயே கிடந்ததா, வீட்டுச் சத்தம், பிள்ளைகளின் குரல், கூட்டும் இயந்திரத்தின் இரைச்சல் எல்லாம் கேட்டு வளர்ந்ததா என்பது அதன் குணத்தில் தெரியும்.

தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டு 8 வாரத்துக்கு முன்பே பிரிக்கக்கூடாது. ஒன்றை ஒன்று கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அவை கற்றுக்கொள்கின்றன.

தடுப்பூசியும் அப்படித்தான். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்பொருள்கள் முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கும். ஆனால் அதே எதிர்ப்பொருள்கள் தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடும். அவை எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். "ஓர் ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்பது தவறு. குடலைத் தாக்கும் பார்வோ கிருமி உடலுக்குள் புகுந்து சில நாள் கழித்தே நோய் வெளிப்படும். கடையில் துள்ளிய குட்டி, வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் எழ முடியாமல் கிடப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்

"தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பெண் பார்க்கப் போவோருக்குச் சொன்னது, நாய்க்குட்டி பார்க்கப் போவோருக்கும் பொருந்துகிறது. தாய்நாய் மெலிந்து, அஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தால் குட்டியைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். குட்டிகளுக்காகவே திரும்பத் திரும்பக் கருத்தரிக்க வைக்கப்பட்டு, உடல் நலிந்த நிலையில் 2013ஆம் ஆண்டு வேல்ஸ் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட கவேலியர் இனத் தாய்நாய் லூசி. 2016ஆம் ஆண்டு அது இறந்தது. 'லூசி சட்டம்' 2020 ஏப்ரல் 6ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, வணிக நோக்கில் இயங்கும் இடைத்தரகர்கள் 6 மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டிகளை விற்க முடியாது. வாங்குபவர் வளர்ப்பாளரிடமே சென்று, தாயுடன் குட்டியைப் பார்த்து வாங்க வேண்டும்.

உங்கள் பெற்றோருடன் போகும்போது இந்தக் கேள்விகளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்:

1. தாயை நேரில் பார்க்கலாமா? அதற்கு என்ன வயது? இது எத்தனையாவது ஈற்று?

2. இந்த இனத்துக்கு வரக்கூடிய பரம்பரை நோய்கள் என்னென்ன? தாய்க்கும் தந்தைக்கும் எந்தச் சோதனைகள் செய்யப்பட்டன?

3. சோதனை முடிவில் உள்ள நுண்சில்லு எண்ணும் நாயின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா? (வருடியை வைத்துப் பார்த்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும்.)

4. குட்டிகள் இதுவரை எங்கே, யாருடன் வளர்ந்தன?

5. எந்தத் தேதிகளில், எந்தத் தடுப்பூசிகள் போடப்பட்டன? மருத்துவரின் கையொப்பம் எங்கே?

6. எங்களால் வளர்க்க முடியாமல் போனால் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா?

7. இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா?

நல்ல வளர்ப்பாளர் இவற்றைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். மாறாக, உங்களையே கேள்வி கேட்பார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? விடுமுறைக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள்? மருத்துவச் செலவுக்குப் பணம் இருக்கிறதா? அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவருக்குக் குட்டிமேல் அக்கறை இருப்பதைக் காட்டும்.

காத்திருக்கவும் சொல்வார். நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். அதன்பின் 8 வாரம், அதாவது 56 நாள். மொத்தம் 119 நாள், ஏறக்குறைய 4 மாதம். ஒருவரிடமே ஐந்தாறு இனக் குட்டிகள் எப்போதும் தயாராக இருக்கின்றன என்றால், அத்தனை தாய்நாய்கள் எங்கே, எப்படி இருக்கின்றன என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

குட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் தாயை நேரில் பார்க்க முடியாது. அப்போது பெற்றோரின் சோதனை முடிவுகள், அங்குள்ள வளர்ப்பாளரின் விவரம், இறக்குமதி அனுமதி ஆகியவற்றைக் கேளுங்கள்.

நம் ஊர்ச் சட்டம்

சிங்கப்பூரில் நாய்க்குட்டி விற்கும் கடைகளும் வணிக நோக்கிலான வளர்ப்பாளர்களும் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் படி. அது இருப்பதாலேயே மற்றக் கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். நாய்க்கு நுண்சில்லு பொருத்தி, உரிமம் எடுப்பதும் கட்டாயம்.

வீவக வீட்டில் வசிப்பவர்கள் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். அதுவும் கழகம் அனுமதித்த சிறிய இனமாக இருக்க வேண்டும். லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆசைப்பட்டு வாங்கி, பிறகு அழுதுகொண்டே திருப்பிக் கொடுக்கும் நிலை வேண்டாமே.

வழக்கத்துக்கு மாறான மலிவு விலை, காகிதம் எதுவும் இல்லை, கார் நிறுத்துமிடத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றால், அது கடத்தி வந்த குட்டியாக இருக்கலாம். சிங்கப்பூர் 1953ஆம் ஆண்டிலிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. பக்கத்தில் சரவாக்கில் 2017இல் அந்த நோய் பரவத் தொடங்கி உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிவிட்டால் அந்த நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. அனுமதியின்றி விலங்குகளைக் கொண்டுவருவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம் என்பதன் காரணம் இதுதான்.

தூய இனமே வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் போன்ற அமைப்புகளின் காப்பகங்களையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ், உள்ளூர்க் கலப்பின நாய்களையும் சில நிபந்தனைகளுடன் வீவக வீடுகளில் வளர்க்கலாம். கண்காட்சிக்கு அனுப்பவா போகிறீர்கள்? மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் வாலாட்டி ஓடிவர ஒரு நாய் வேண்டும், அவ்வளவுதானே!

அந்தப் படத்துக்குத் திரும்புவோம். "நாளைக்குள் முன்பணம்" என்ற குறிப்பு இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. பணத்துக்குப் பதிலாக ஒரு வரி பதில் அனுப்புங்கள்: "தாய்நாயைப் பார்க்க எப்போது வரலாம்?"

"சனிக்கிழமை வாருங்கள்" என்று பதில் வந்தால், அப்பாவை அழைத்துக்கொண்டு, ஏழு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பதிலே வராவிட்டாலும், "அதெல்லாம் முடியாது, வேறொருவர் காத்திருக்கிறார்" என்று வந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. எங்கோ ஒரு கூண்டில், யாரும் பார்க்க வராத அந்தத் தாய்நாய் அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கக்கூடும். அந்தக் குட்டியை நீங்கள் வாங்காமல் விட்டால், அதன் தாயை மீண்டும் ஈனவைப்பதற்கான காரணங்களில் ஒன்று குறையும்.